நாற்பது நாள்! ‘குவாரண்டைன்’ என்ற சொல் வந்த கதை

2020ஆம் ஆண்டு. கொரோனா நோய் உலகத்தைப் பிடித்து ஆட்டிய வருடம்.

அந்த வருடம் தமிழ்நாட்டின் பட்டிதொட்டி எங்கும் ஓர் ஆங்கிலச் சொல் பரவியது. ஏ, பி, சி, டி தெரியாத பாட்டிமார்கூட அதைச் சொன்னார்கள். “எதிர்வீட்டுப் பையன் துபாயிலிருந்து வந்திருக்கிறானாம். குவாரண்டைனாம். அந்தப் பக்கம் போகாதே!” என்று பேரப்பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள்.

வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது.

எத்தனை நாளைக்கு? 14 நாளைக்கு!

வேடிக்கை என்னவென்றால், ‘குவாரண்டைன்’ என்ற சொல்லுக்கு 14 நாள் என்று பொருள் இல்லை. தனியாக வைப்பது என்றும் பொருள் இல்லை. நோய் நொடி என்ற பேச்சே அந்தச் சொல்லுக்குள் கிடையாது.

அதன் நேரான பொருள், ‘நாற்பது நாள்’ என்பதுதான்!

நாற்பது நாள் என்ற கணக்கு எப்படி ஒரு காவலுக்குப் பெயர் ஆயிற்று? அந்த நாற்பது எங்கே காணாமல் போயிற்று? அது 600 ஆண்டுக் கதை. வேரைத் தோண்டினால் இன்னும் பல ஆயிரம் ஆண்டு பின்னால் போகிறது.

நாலும் பத்தும்

இத்தாலி நாட்டில் நாற்பதுக்கு ‘குவாரண்டா’ என்று பெயர். ஏதாவது ஒன்று நாற்பது சேர்ந்தால் அது ‘குவாரண்டீனா’. வெனிஸ் நகரத்துப் பேச்சில் அதுவே ‘குவாரண்டேனா’. அங்கிருந்துதான் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

இத்தாலிய மொழிக்குத் தாய், பழைய ரோமாபுரியின் லத்தீன் மொழி. லத்தீனில் நான்கு என்பது ‘குவாட்டுவோர்’. நாற்பது என்பது ‘குவாட்ராகிண்டா’. அதாவது நாலு பத்து. தமிழில் நால், பத்து இரண்டும் சேர்ந்து ‘நாற்பது’ ஆகவில்லையா? அதே கணக்குத்தான்.

லத்தீனுக்கும் முன்னால்?

1786ஆம் ஆண்டில், கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் ஒரு கூட்டத்தில் பேசினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், அந்த மூலமொழி இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். அதன்பின் வந்த அறிஞர்கள் சொல்லோடு சொல்லை வைத்துப் பார்த்தார்கள். எண்கள்தான் அவர்களுக்கு நல்ல சாட்சியாக அகப்பட்டன. மாமா பேர் மாறலாம், மாட்டின் பேர் மாறலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை.

லத்தீனில் ‘குவாட்டுவோர்’. சமஸ்கிருதத்தில் ‘சத்வாரஸ்’. பாரசீகத்தில் ‘சஹார்’. இந்தியில் ‘சார்’. ஆங்கிலத்தின் ‘ஃபோர்’ கூட இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். முகம் மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது. ஆக, ‘ஃபார்ட்டி’யும் ‘குவாரண்டை’னும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சொந்த வீட்டிலேயே வளர்ந்தது. மற்றொன்று இத்தாலிக்குப் போய்க் கப்பலேறி வந்தது.

தமிழின் ‘நான்கு’ இந்தக் குடும்பம் அல்ல. அது மலையாளத்தின் ‘நாலு’, கன்னடத்தின் ‘நால்கு’ ஆகியவற்றோடு பிறந்தது. ஆனாலும் இந்தக் குடும்பத்துச் சொற்கள் தமிழ் வீடுகளில் நிறையவே நடமாடுகின்றன. பிள்ளையார் சதுர்த்தி என்பதில் வரும் ‘சதுர்’, நான்கு பக்கம் கொண்ட ‘சதுரம்’, நால்வகைப் படையை வைத்து ஆடும் ‘சதுரங்கம்’ எல்லாம் சமஸ்கிருத வழியில் வந்தவை. பள்ளிப் பிள்ளைகள் பயப்படும் ‘குவார்ட்டர்லி’ பரீட்சை, போலீஸ்காரர் குடியிருக்கும் ‘குவார்ட்டர்ஸ்’ ஆகியவை லத்தீன் வழியில் வந்தவை. எல்லாம் அந்தப் பழைய நாலின் பேரப்பிள்ளைகளே!

இன்னொரு பேரப்பிள்ளையையும் சொல்ல வேண்டும். பாரசீகத்தில் நாற்பதுக்கு ‘சிஹில்’ என்று பெயர். சூஃபி ஞானிகள் நாற்பது நாள் தனி அறையில் அடைந்து தியானம் செய்வார்கள். அதற்கு ‘சில்லா’ என்று பெயர். ‘சிஹில்’தான் ‘சில்லா’ ஆயிற்று. ஒரே வேர். ஒரே நாற்பது. அதே தனிமை. ஒன்றை ஞானிகள் விரும்பி ஏற்றார்கள். இன்னொன்றைச் சர்க்கார் விதித்தது!

விதவைக்கு ஒரு காவல்

ஆங்கில நாட்டில் இந்தச் சொல் முதலில் கப்பலுக்கு வரவில்லை. கணவனை இழந்த பெண்ணுக்குத்தான் வந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கணவன் இறந்தால் வீடும் நிலமும் வாரிசுக்குப் போய்விடும். வாரிசு மூத்தாள் மகனாக இருக்கலாம். கொழுந்தனாக இருக்கலாம். பிணம் எடுத்த கையோடு, “நீ புறப்படு!” என்று பெண்ணை வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

1215ஆம் ஆண்டில் ஜான் மன்னரிடம் பிரபுக்கள் ஒரு சாசனத்தை எழுதி வாங்கினார்கள். ‘மாக்னா கார்ட்டா’ என்று சரித்திரப் பாடத்தில் வருமே, அதுதான். மன்னரின் அதிகாரத்தை அடக்கிய சாசனம் என்று எல்லோரும் அதைப் புகழ்வார்கள். அதன் 7ஆவது பிரிவு ஒரு விதவையைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. கணவன் இறந்த பிறகு 40 நாள் வரையில் அவள் அந்த வீட்டிலேயே இருக்கலாம். யாரும் அவளை வெளியேற்றக்கூடாது. அந்த நாற்பது நாளுக்குள் அவளுடைய ஜீவனத்துக்கு உரிய பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த உரிமைக்குச் சட்டப் புத்தகங்களில் என்ன பெயர் தெரியுமா? ‘குவாரண்டைன்’! நாற்பது நாளுக்குள் யாராவது அவளைத் துரத்தினால், அவள் மன்னரின் நீதிமன்றத்துக்குப் போய் ஓர் ஆணை வாங்கலாம். அந்த ஆணைக்கும் இந்தச் சொல்தான் பெயர்.

பின்னால் இதே சொல் மனிதரை உள்ளே பூட்டி வைத்தது. முதலில் அது ஒரு பெண்ணை வெளியே தள்ளாமல் காத்தது. இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்ட சொற்கள் அபூர்வம்.

அதற்கும் ஒரு முன்னோடி உண்டு. இயேசுநாதர் வனாந்தரத்தில் 40 நாள் உபவாசம் இருந்தார் என்பது பைபிள் வரலாறு. எரிகோ நகரத்துக்கு அருகே ஒரு மலையைக் காட்டி, ‘அந்த இடம் இதுதான்’ என்றார்கள் சிலுவைப் போருக்குப் போன ஐரோப்பியர்கள். ‘நாற்பது’ என்ற லத்தீன் சொல்லையே மலைக்குப் பெயராக வைத்தார்கள். இன்றும் அங்குள்ள அராபியர்கள் அதைக் ‘குருந்துல்’ மலை என்கிறார்கள். சிலுவைப் போர் வீரர்கள் போய்விட்டார்கள். எண் மட்டும் மலைமேல் நிற்கிறது.

இரண்டு பக்கமும் எமன்

நோய்க் கதை இனிமேல்தான்.

1347ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் பிளேக் நோய் பரவியது. கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த வணிகக் கப்பல்கள் அதைக் கொண்டுவந்தன. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, சில கணக்குப்படி அதற்கும் மேல், மாண்டுபோயிற்று. புதைக்க ஆள் இல்லை. மணி அடிக்க ஆள் இல்லை.

அட்ரியாட்டிக் கடற்கரையில் ராகூசா என்று ஒரு சின்ன நகரம். இப்போது குரோஷியா நாட்டில் ‘துப்ரோவ்னிக்’ என்ற பெயரில் இருக்கிறது. மதில் சூழ்ந்த அழகான ஊர். பிழைப்பு முழுவதும் கப்பல் வியாபாரம்.

ஊர்ப் பெரியவர்களுக்குப் பெரிய சங்கடம் வந்தது. துறைமுகத்தைத் திறந்து வைத்தால் பிளேக் வரும், ஊர் சாகும். துறைமுகத்தை மூடினால் வியாபாரம் நிற்கும். அப்போதும் ஊர் சாகும். இந்தப் பக்கம் எமன், அந்தப் பக்கமும் எமன்!

1377ஆம் ஆண்டு ஜூலை மாதம் நகரின் பெரிய சபை கூடி ஒரு சட்டம் போட்டது. பிளேக் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் நேரே நகருக்குள் நுழையக்கூடாது. முதலில் கடலில் உள்ள மெர்க்கான் என்ற சிறு தீவிலோ, பக்கத்தில் உள்ள சாவ்டாட் என்ற ஊரிலோ தங்க வேண்டும். 30 நாள் கழிந்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் உள்ளே வரலாம். நகரத்தார் எவராவது அனுமதி இல்லாமல் அவர்களைப் போய்ப் பார்த்தால் அவருக்கும் அங்கேயே 30 நாள்!

கதவைத் திறக்கவும் இல்லை. மூடவும் இல்லை. கதவுக்கு வெளியே ஒரு திண்ணை கட்டினார்கள்!

நோய் எதனால் வருகிறது என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள். கிரகக்கோளாறு என்றார்கள். கடவுளின் கோபம் என்றார்கள். ராகூசாக்காரர்கள் அந்த வாதத்துக்கே போகவில்லை. வியாபாரிகள் அல்லவா? நாளை எண்ணினார்கள். உடம்பில் நோய் ஒளிந்திருந்தால் அது வெளியே வருவதற்கு அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். உலகத்தின் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்புகளில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும். கண்டுபிடித்தவர்கள் மருத்துவர்கள் இல்லை என்பதுதான் விசேஷம்.

முப்பது, நாற்பது ஆனது

ராகூசாவின் சட்டத்தில் இருந்தது 30 நாள். இத்தாலியில் முப்பதுக்கு ‘ட்ரென்டா’ என்று பெயர். அது அப்படியே நிலைத்திருந்தால், 2020இல் நம் பாட்டிமார் “ட்ரெண்டைனாம்!” என்று சொல்லியிருப்பார்கள்!

அடுத்த நூற்றாண்டில் 30 நாள் 40 நாளாக நீண்டது. நாற்பதைப் பிடித்ததற்குக் காரணங்கள் பல. நோவா காலத்து மழை 40 நாள். மோசே மலைமேல் இருந்தது 40 நாள். இயேசுவின் உபவாசம் 40 நாள். கிறிஸ்தவர்கள் அனுசரிக்கும் தவக்காலமும் 40 நாள். இத்தாலியில் அந்தத் தவக்காலத்துக்குப் பெயரே ‘குவாரேசிமா’. அதுவும் நாற்பதின் பிள்ளைதான். கடுமையான நோய் எதுவும் 40 நாளுக்குள் தன் முடிவைக் காட்டிவிடும் என்பது பழைய கிரேக்க வைத்தியர்களின் கொள்கை. வைத்தியரும் நாற்பது என்றார். பாதிரியாரும் நாற்பது என்றார். பிறகு யார் மறுப்பார்கள்?

வெனிஸ் நகரம் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்தது. 1423ஆம் ஆண்டில் ஒரு தீவில் பிளேக் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1468இல் இன்னொரு தீவை, வருகிற கப்பல்களின் ஆட்களையும் சரக்கையும் நிறுத்தி வைப்பதற்கு ஒதுக்கினார்கள்.

முதல் தீவில் ‘நாசரேத்து மாதா’ கோயில் ஒன்று இருந்தது. அதனால் அந்த இடத்தை ‘நசரேத்தோ’ என்றார்கள். பைபிளில் உடம்பெல்லாம் புண்ணாகிப் பணக்காரன் வாசலில் கிடந்த லாசரு என்ற ஏழையின் பெயரும் அதோடு கலந்தது. இரண்டும் சேர்ந்து ‘லாசரெத்தோ’ ஆயிற்று. பிறகு ஐரோப்பாவில் எந்தத் துறைமுகத்தில் இப்படிக் காவல் விடுதி கட்டினாலும் அதற்கு ‘லாசரெத்தோ’ என்றே பெயர்.

அங்கே கம்பளியையும் பட்டையும் பிரித்துக் காற்றில் உலர்த்துவார்கள். புரட்டிப் புரட்டிப் போடுவார்கள். கடிதங்களைக் கீறிப் புகை காட்டுவார்கள்; காடியில் நனைப்பார்கள். இரண்டாவது தீவின் பெரிய கிடங்குச் சுவரில் வியாபாரிகளும் சுமை தூக்குகிறவர்களும் சிவப்பு நிறத்தில் எழுதியவை இன்றும் இருக்கின்றன. கப்பல் எந்த ஊரிலிருந்து வந்தது, சரக்குக்கு என்ன குறி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நாள் போகவில்லை, சுவர் இருந்தது!

ஆஸ்பத்திரித் தீவின் கதை வேறு. 2007ஆம் ஆண்டு வாக்கில் அங்கே மண்ணைத் தோண்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

எலிக்குச் சட்டம் தெரியாது

இத்தனை காவல் வைத்தும் பிளேக் நின்றதா? முழுவதும் நிற்கவில்லை. 1630, 1631ஆம் ஆண்டுகளில் வந்த பிளேக் வெனிஸ் ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோயிற்று.

காரணம் 1890களில்தான் விளங்கியது. 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று சோதித்துக் காட்டினார்.

கப்பலில் வந்த மனிதன் 40 நாள் தீவில் உட்கார்ந்திருந்தான். கப்பலில் வந்த எலி, நங்கூரக் கயிற்றின்மேல் நடந்து முதல் இரவே ஊருக்குள் போய்விட்டது!

ஆனாலும் அந்த ஏற்பாடு வீண் இல்லை. மனிதரின் உடம்பிலும் துணிமூட்டையிலும் வருகிற நோயை அது பல தடவை தடுத்தது. அதனால்தான் ஊருக்கு ஊர் அதைப் பின்பற்றினார்கள்.

வலியப் போய் மாட்டியவர்

காவலுக்குள் இருப்பவர் படும் பாட்டை யார் பார்த்தார்கள்? ஒருவர் பார்த்தார். அவர் பெயர் ஜான் ஹோவர்ட். இங்கிலாந்துக்காரர். சிறைக்கைதிகளின் நிலையைச் சீர்திருத்தப் பாடுபட்டவர்.

லாசரெத்தோவைப் பற்றி எழுத வேண்டும். வெளியே நின்று பார்த்து எழுதினால் போதாது. உள்ளே கிடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தார். துருக்கியில் உள்ள ஸ்மிர்னா துறைமுகத்துக்குப் போனார். எல்லோரும் நோய் இல்லாத கப்பலைத் தேடுவார்கள். இவர் ‘பிளேக் உள்ள ஊரிலிருந்து வருகிறது’ என்று சான்றிதழில் எழுதப்பட்ட கப்பலாகத் தேடி ஏறினார்! வழியில் கடற்கொள்ளைக்காரர்கள் தாக்கினார்கள். மாலுமிகளோடு சேர்ந்து அறுபதை நெருங்கிய ஹோவர்டும் பீரங்கிச் சண்டையில் இறங்கினார்.

வெனிஸ் வந்தது. ஆறு வாரக் காவல். அழுக்கு அறை. சுவரில் நாற்றம். தலைவலியும் காய்ச்சலும் வந்தன. சுவரைக் கழுவிப் பார்த்தார், பயன் இல்லை. பிறகு சுண்ணாம்பு வரவழைத்துச் சுவர் முழுவதும் அடிக்கச் செய்தார். நாற்றம் போயிற்று. நோயை நிறுத்தக் கட்டிய இடமே நோயை உண்டாக்கும் இடமாக இருந்தது என்பதை அவர் தம் உடம்பில் தெரிந்துகொண்டார்.

1789இல் ஐரோப்பாவின் லாசரெத்தோக்களைப் பற்றி அவர் புத்தகம் வெளியிட்டார். அடுத்த வருடமே ருஷ்யப் பேரரசில் உள்ள கெர்சான் என்ற ஊரில் நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

எண் உதிர்ந்தது

சரி, ‘நாற்பது’ எப்போது உதிர்ந்தது? அதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர். கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம். தினமும் டயரி எழுதுகிறவர்.

1663ஆம் ஆண்டு. ஹாலந்தில் பிளேக். ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் ஹாம்பர்க்கிலிருந்தும் வரும் கப்பல்கள் ‘30 நாள் குவாரண்டைன்’ இருக்க வேண்டும் என்று மன்னரின் சபை உத்தரவு போட்டது. பீப்ஸுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லுக்கே நாற்பது என்றுதான் பொருள். அதில் முப்பது எப்படி? ஆனால் இப்போது எல்லோரும் அந்தச் சொல்லை நாள் கணக்கைக் குறிக்கச் சொல்வதில்லை. அந்தக் காரியத்தைக் குறிக்கவே சொல்கிறார்கள் என்று டயரியில் எழுதி வைத்தார்.

சொல்லின் சரித்திரத்தில் இப்படி ஒரு சாட்சி கிடைப்பது அதிர்ஷ்டம். எண் உதிர்வதை ஒருவர் நேரில் கண்டு, தேதி போட்டு எழுதியிருக்கிறார்! (அந்தக் காவல் இங்கிலாந்தைக் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். 1665இல் லண்டனில் பிளேக் புகுந்தது. சர்க்கார் கணக்குப்படியே 68,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.)

எண் உதிர்ந்ததில் ஓர் ஆபத்தும் இருந்தது. நாற்பது நாள் என்றால் நாற்பத்தோராம் நாள் கதவு திறக்கும். எண் இல்லாத காவலுக்கு முடிவு எது?

நியூயார்க் நகரில் மேரி மாலன் என்று ஒரு சமையற்காரி இருந்தாள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது. ஆனால் அவளுக்குக் காய்ச்சல் இல்லை; திடகாத்திரமாக இருந்தாள். அவள் சமைத்த வீடுகளில்தான் காய்ச்சல் வந்தது. 1907இல் அவளைப் பிடித்து ஆற்றின் நடுவே உள்ள ஒரு தீவில் வைத்தார்கள். “எனக்கு ஒரு நோயும் இல்லையே!” என்று அவள் நீதிமன்றம் வரை போனாள். பலிக்கவில்லை. இனிச் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகு 1910இல் விட்டார்கள். வேறு தொழிலில் வயிறு நிறையவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைத்தாள். அங்கும் டைபாய்டு! 1915இல் மறுபடியும் தீவு. 1938இல் அங்கேயே கண்ணை மூடினாள்.

இரண்டு தடவையும் சேர்த்து 26 ஆண்டு! ஊருக்குப் பயம் நியாயமான பயம்தான். அவள் வாக்கை மீறியதும் உண்மை. ஆனால் அவளைப் போலவே கிருமி சுமந்த வேறு பலர் வெளியே நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போருக்குப் பதில் ஒரு சொல்

1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தச் சொல் உலக அரசியலுக்கும் வந்தது. கியூபா தீவில் ருஷ்யா அணுகுண்டு ஏவுகணைகளை இறக்கியிருப்பதை அமெரிக்கா கண்டுபிடித்தது. ஆயுதக் கப்பல்களைக் கடலிலேயே மறிப்பது என்று ஜனாதிபதி கென்னடி முடிவு செய்தார்.

ஒரு நாட்டின் துறைமுகத்தைக் கடற்படை மறித்தால் அதற்கு ‘முற்றுகை’ என்று பெயர். சர்வதேசச் சட்டப்படி முற்றுகை என்பது போர்ச் செயல். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ருஷ்யா போர் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதனால் கென்னடி தொலைக்காட்சியில் பேசியபோது ‘குவாரண்டைன்’ என்றார். கப்பல்கள் அதே கப்பல்கள். பீரங்கிகள் அதே பீரங்கிகள். சொல் மட்டும் வேறு! அந்தச் சொல் இரண்டு பக்கத்துக்கும் பின்வாங்குவதற்குக் கொஞ்சம் இடம் வைத்தது. ஏவுகணைகளை எடுத்துக்கொள்ள ருஷ்யா சம்மதித்தது. நவம்பர் 20ஆம் தேதி கென்னடி காவலை நீக்கினார். நாற்பது நாள்கூட ஆகவில்லை.

1969இல் சந்திரனில் இறங்கித் திரும்பிய ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், அவர்களோடு போன காலின்ஸ் மூவரையும்கூட விடவில்லை. சந்திரனில் கிருமி இருந்தால் என்ன செய்வது? சந்திரனை விட்டுப் புறப்பட்டதிலிருந்து 21 நாள் கணக்குப் பண்ணிப் பூட்டி வைத்தார்கள். ஜனாதிபதி நிக்சன் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அவர்களைப் பாராட்டினார்!

மண்டபம்

ராகூசாவில் பிறந்த இந்த ஏற்பாடு ராமநாதபுரம் கடற்கரைக்கும் வந்தது. தமிழருக்கு இந்தச் சொல்லோடு நெருங்கிய உறவு ஏற்பட்டது அங்கேதான். அது கொரோனாவுக்கு வெகுகாலம் முந்தியது.

இலங்கை மலைகளில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிட வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கான கூலியாட்களைக் கொண்டுபோனார்கள். ஆரம்பத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தார்கள். காலரா, அம்மை, பசி. வழியெங்கும் விழுந்து செத்தார்கள். நோய் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் பரவும் என்று இலங்கை அரசாங்கம் பயந்தது. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே, இந்தியக் கரையில், மண்டபத்தில் ஒரு குவாரண்டைன் முகாம் அமைத்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. ரயிலில் வரும் கூலிக் குடும்பங்கள் மண்டபத்தில் இறங்க வேண்டும். வைத்தியர் பார்ப்பார். அம்மை குத்துவார்கள். துணிமணிகளை நோய்க் கிருமி போக வெந்நீராவியில் வைப்பார்கள். சில நாள் காவலில் இருந்து, நோய் இல்லை என்று தெரிந்தால்தான் கடல் தாண்டலாம். 1377இல் ராகூசா போட்ட அதே சட்டம். ஆனால் ராகூசாவில் திண்ணையில் காத்திருந்தவர்கள் சரக்கோடு வந்த வியாபாரிகள். மண்டபத்தில் காத்திருந்தவர்களிடம் கைக்குழந்தையும் ஒரு துணிமூட்டையும்தான் இருந்தன.

1964ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே வருடம் அக்டோபரில்தான் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்வது என்பது அதில் ஒரு ஷரத்து. தாத்தா போன வழியிலேயே பேரன்மார் திரும்பி வந்தார்கள். வந்து இறங்கியதும் அவர்களைத் தங்க வைத்த இடம், அதே மண்டபம் முகாம்.

1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ் அகதிகள் படகு படகாக வந்தார்கள். அவர்களையும் அங்கேயே தங்க வைத்தார்கள். அங்கேயே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அகதி முகாம் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

ராமேஸ்வரம் போகும் ரயில் பாதையில் மண்டபம் என்று ஒரு நிலையம் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு நிலையம். அதன் பலகையில் ‘மண்டபம் கேம்ப்’ என்று எழுதியிருக்கிறது.